சின்னவள் போட்ட கோடு

அப்பா பிரஷ்ஷைச் சின்னவள் கையில் கொடுத்தபோது பெரியவள் பக்கத்தில்தான் நின்றாள். கொடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். கொடுத்துவிட்டு, "பாத்துப் போடும்மா, அவசரமில்ல" என்று சிரித்தாரே, அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்து அப்பா பட்டறைக்குள் அப்படிச் சிரித்ததே கிடையாது. வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிப்பார், அது கணக்கில் சேராது.

அந்தப் பட்டறைக்கு வருவதெல்லாம் ஒரே வகை இயந்திரம். பால் பண்ணையிலும் சர்க்கரை ஆலையிலும், சூடான ஒன்றும் குளிர்ந்த ஒன்றும் தங்களுக்குள் கலக்காமல் சூட்டை மட்டும் கைமாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கான இயந்திரம். உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நெளிநெளியாக அச்சடித்த மெல்லிய எவர்சில்வர் தகடுகள், ஆளுயரத்துக்கு, வரிசையாகத் தொங்கும். இரண்டு கனத்த இரும்புப் பலகைகள் அவற்றை நடுவில் வைத்து நெருக்கும். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் ஒரு ரப்பர் கேஸ்கெட் ஓடும். அந்த ரப்பர் காய்ந்து வெடித்தாலும், தகட்டில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தாலும் இயந்திரம் இங்கே வந்துவிடும். கழற்றி, பழைய ரப்பரை உரித்து, மருந்துத் தொட்டியில் ஊறப்போட்டு, ஓட்டை பார்த்து, புது ரப்பர் ஒட்டி, அடுப்பில் வைத்துப் பசையை இறுக்கி, திரும்ப அடுக்கி முறுக்கி அனுப்புவார்கள்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. தகடுகள் நெருங்கி நிற்கும்போதே பக்கவாட்டில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை சாய்வாக ஒரு மஞ்சள் கோடு போடுவார்கள். ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் அந்தக் கோட்டின் ஒரு பொட்டு விழும். திரும்ப அடுக்கும்போது பொட்டெல்லாம் சேர்ந்து கோடு நேராக வந்தால் தகடுகள் அதனதன் இடத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். ஓட்டைத் தகட்டைத் தள்ளிவிட்டுப் புதுசு போட்ட இடத்தில் மட்டும் பொட்டு இருக்காது, கோட்டில் ஒரு பொக்கை தெரியும். அந்தப் பொக்கையை யாரும் தொடக்கூடாது. அடுத்த தடவை திறக்கிறவருக்குப் புதுத் தகடு எது என்று சொல்வது அதுதான். அந்த மஞ்சள் பெயிண்ட் காய்வதற்கு ஒரு முழுப் பகல் எடுக்கும். காய்ந்துவிட்டால் மருந்துத் தொட்டியில் போட்டாலும் அசையாது.

கோடு போடுகிறவர்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு. இத்தனை வருஷமும் அப்பாதான் போட்டார். இப்போது முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணுவதால், "இனிமே கோடு போடறவங்க பட்டறைக் கூடத்தப் பாத்துக்கட்டும், நான் ஆபீஸ் ரூம்ல உக்காந்துக்கறேன்" என்று போன வாரம் வீட்டில் சொல்லியிருந்தார். பெரியவள் அதைத் தன்னைப் பார்த்துச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்து சேர்ந்தவள் அவள். சின்னவள் எங்கோ ஏசி ஆபீசில் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த வேலை கசந்த பிறகு வந்தவள். வந்து ஒரு மழைக்காலம்தான் போயிருக்கிறது.

"உனக்கு ரெண்டு கண்ணு. ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு உன் தங்கச்சிக்கு" என்பார் பெரியவளின் வீட்டுக்காரர். அவர் பஸ் ஓட்டுகிறவர், கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துப் பழகியவர். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சின்னவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் பெரியவள் எட்டிப் பார்ப்பாள். சின்னவளிடம் அப்பா எத்தனை வார்த்தை பேசினார், தன்னிடம் எத்தனை பேசினார் என்பதும் அவளுக்குத் தெரியும். பிள்ளைப் பருவத்தில் வந்த பழக்கம், அப்படியே தங்கிவிட்டது.

சின்னவள் கோடு போட்டாள். பால் பண்ணைக்காரர்களின் இயந்திரம் அது. நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. எங்கும் தடிக்கவில்லை, எங்கும் மெலியவில்லை. தொட்டி வேலை பார்க்கிற பெரியவர், எல்லாருக்கும் அவர் தொட்டிக்காரர்தான், "ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு சின்ன பாப்பா" என்றார். பெரியவள் குறை கண்டுபிடிக்க உண்மையாகவே முயன்று பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கோடு காய்ந்தது, தகடுகளைக் கழற்றினார்கள், தொட்டியில் ஊறி வெளுத்து வந்தன. அடுத்தது இருட்டறை. அது பெரியவளின் இடம். ஜன்னல் இல்லாத அறை, உள்ளே ஒரு ஊதா விளக்கு, தகட்டை மாட்ட ஒரு சட்டம். தகட்டின் ஒரு பக்கத்தில் சாயம் தெளிப்பாள், மறுபக்கத்தில் வெள்ளைப் பொடி அடிப்பாள். ஓட்டை இருந்தால் சாயம் அதன் வழியாக வந்து, பொடிப் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி ஒளிரும். இருட்டில் கண் பழக வேண்டும், பொறுமை வேண்டும். பட்டறையில் வேறு யாருக்கும் இரண்டும் சேர்ந்து இருந்ததில்லை.

பாதித் தகடுகள் பார்த்து முடித்த பிறகு முதல் புள்ளி வந்தது. சந்தேகமே இல்லாத ஓட்டை. அதைப் பார்த்ததும் பெரியவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. இத்தனை வருஷத்தில் ஓட்டையைப் பார்த்தால் 'ஐயோ, நல்ல தகடு போச்சே' என்றுதான் நினைத்திருக்கிறாள். இன்றைக்கு நினைத்தது, 'கோட்டில் ஒரு பல் போச்சு' என்று. இரண்டாவது புள்ளி வந்தபோதும் அப்படித்தான். அதற்கு அடுத்த தகட்டிலேயே மூன்றாவதாகப் பொடியின் மேல் பச்சை தெரிந்ததுமே சாக்பீஸை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டு வெளியே கொண்டுவந்து சாய்த்துவிட்டாள்.

சின்னவள் ஓடி வந்தாள். "மூணாவதா? இதுல என்ன இருக்கு? நல்லாத்தானே இருக்கு."

"வெளிச்சத்துல பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும்."

"அக்கா, நெஜமா சொல்லு. கோட்டக் கெடுக்கணும்னுதானே பாக்கற?"

அப்பா தன் நாற்காலியிலிருந்து, "இருட்டறைக்குள்ள அவ சொன்னா சொன்னதுதான். நீ போய் பசையக் கலக்கு" என்றார்.

இதைக் கேட்டுப் பெரியவள் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வார்த்தை அவளைக் குத்தியது. அந்தத் தகட்டைத் திரும்ப உள்ளே எடுத்துப் போய், கதவைச் சாத்தி, ஊதா விளக்கைப் போட்டாள். புள்ளி இருந்தது. ஆனால் ஒழுங்கான புள்ளி இல்லை, பக்கத்தில் இழுத்த மாதிரி ஒரு வால். தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். கையுறையின் கட்டைவிரல் பச்சையாக ஒளிர்ந்தது. சாயம் பட்ட விரலோடு பொடிப் பக்கத்தைத் தொட்டிருக்கிறாள். புதிதாக வந்த ஆள் பண்ணுகிற தப்பு. துடைத்தாள், கழுவினாள், காயவிட்டாள், மறுபடி தெளித்துக் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. தகட்டில் ஓட்டை இல்லை.

அவள் பேசாமல் இருந்திருந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. சின்னவள் வாயை அப்பாவே அடைத்துவிட்டார். கோட்டில் மூன்றாவது பொக்கை விழுந்திருக்கும், இயந்திரமும் ஓடியிருக்கும். ஆனால் நல்ல தகட்டைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. சாக்பீஸ் குறியை அழித்து, தகட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது நல்ல தகடு. என் கையுறைச் சாயம் பட்டிருக்கு."

சின்னவள் பசைக் குச்சியைக் கீழே வைத்தாள். "பாத்தீங்களாப்பா? நான் சொன்னேன்ல." குரலில் கோபம்கூட இல்லை, ஜெயித்த குரல். தொட்டிக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றினார். அப்பா "சரி" என்றார். ஒரே ஒரு 'சரி'. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு வேளைக்குள் விஷயம் பட்டறை முழுக்கப் போய்விட்டது. பெரிய பாப்பா பொறாமையில் நல்ல தகட்டைத் தள்ளப் பார்த்தாள், மாட்டிக்கொண்டாள். தானாக வந்து சொன்னாள் என்பது யாருடைய வாயிலும் வரவில்லை. பெரியவளுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. பொறாமைப்பட்டதற்குக் கெட்ட பேர் வந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள், அது நியாயம். உண்மையைச் சொன்னதற்கல்லவா வந்தது.

அதற்குப் பிறகு சின்னவள் கேஸ்கெட் ஒட்டினாள். அதையும் பார்க்க வேண்டியிருந்தது, இருட்டறை வாசலுக்கு நேர் எதிரேதான் ஒட்டுகிற மேஜை. பசையைத் தகட்டோரப் பள்ளத்தில் ஒரே சீராக விட்டு, ரப்பரைப் படுக்கவைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போவாள். எங்கும் பசை பிதுங்காது. பெரியவள் ஒட்டினால் மூலைகளில் பிதுங்கும், அப்புறம் சுரண்டிக்கொண்டு நிற்பாள். இந்தக் கை யாரிடமிருந்து வந்தது இவளுக்கு என்று நினைத்தாள். அம்மாவின் கை. வீட்டில் இருந்த ஒரே நல்ல கை, அதுவும் அவளுக்கே போயிருக்கிறது.

அடுப்பிலிருந்து தகடுகள் வந்து ஆறின. அடுக்கும் நாள் காலையில் பால் பண்ணை இன்ஜினியரும் வந்துவிட்டார். அழுத்தச் சோதனையைக் கண்ணால் பார்த்துவிட்டு இயந்திரத்தைக் கையோடு எடுத்துப் போக வேண்டுமாம், அங்கே பால் காத்துக்கிடக்கிறதாம். சின்னவளும் தொட்டிக்காரரும் சேர்ந்து தகடுகளை மாட்டினார்கள். பெரியவள் கையில் துணியோடு இருட்டறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வரக்கூடாது என்றுதான் இருந்தாள். "கோடு அப்படியே வந்துடுச்சு பாருங்க" என்று தொட்டிக்காரர் சொன்னது காதில் விழுந்ததும் வந்துவிட்டாள்.

கோடு அப்படியேதான் வந்திருந்தது. மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை, ஒரு குறை இல்லாமல். அதுதான் இடித்தது. இரண்டு புதுத் தகடுகள் போயிருக்கின்றன, இரண்டு பொக்கை இருக்க வேண்டும். அந்த இடங்களில் பல் முளைத்திருந்தது. கிட்டே போனால் பெயிண்ட் வாசனை வந்தது. சின்னவள் பொக்கையைப் பூசி மறைத்திருக்கிறாள்.

முறுக்க ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் ஒரு போல்ட், அந்தப் பக்கம் ஒரு போல்ட் என்று மாற்றி மாற்றி. தகடுகள் நெருங்க நெருங்க விளிம்பில் தேன்கூடு தெரியத் தொடங்கும். ஒரு தகட்டின் நெளிவு மேலே பார்த்தால் அடுத்ததன் நெளிவு கீழே பார்க்க வேண்டும், அப்போதுதான் ஒன்றின் முதுகு இன்னொன்றைத் தாங்கும், விளிம்பில் அறை அறையாக விழும். பெரியவள் கண் மேலிருந்து கோட்டோடு இறங்கி, சின்னவள் பூசிய இரண்டாவது இடத்தில் நின்றது. அங்கே அறை இல்லை. இரண்டு தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று படிந்து கிடந்தன. புதுத் தகடு தலைகீழாகத் தொங்குகிறது. பழைய தகடு தலைகீழாகப் போனால் அதன் பொட்டு மறுபக்கம் போய்க் காட்டிக்கொடுக்கும். புதுத் தகட்டுக்குப் பொட்டு கிடையாது, தேன்கூட்டைத்தான் பார்க்க வேண்டும். கோடு நேராக இருக்கிறது என்று இன்றைக்கு யாரும் தேன்கூட்டைப் பார்க்கவில்லை. அழுத்தம் ஏறினால் தாங்க முட்டு இல்லாமல் அந்தத் தகடு வளையும், பக்கத்துத் தகட்டையும் சேர்த்துக் கெடுக்கும். பக்கத்துத் தகடு எது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்த அந்த மூன்றாவது.

வாயைத் திறக்கப் போனாள். திறந்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. 'மறுபடி ஆரம்பிச்சுட்டாளா' என்பார்கள். இருமல் வரும். அப்பா 'சரி' என்பார். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் அதன் பின்னாலேயே வந்து நின்றது. அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. பம்ப் அடித்ததும் இயந்திரமே பேசும், இன்ஜினியர் முன்னால், அப்பா முன்னால். பெரியவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

சின்னவள் டேப்பை வைத்து அளந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கவைத்தாள். இன்ஜினியர் கோட்டைப் பார்த்துவிட்டு, "இவங்க போட்ட முதல் கோடா இது? நம்ப முடியலயே" என்றார்.

"என் பொண்ணு" என்றார் அப்பா. அதே சிரிப்பு.

சின்னவள் பம்ப் கைப்பிடியில் கை வைத்தாள். பெரியவள் நேராகப் போனாள், கையிலிருந்த துணியால் அந்த மஞ்சள் கோட்டை ஒரே தேய்ப்பாகத் தேய்த்தாள். தகட்டை நினைத்துப் போனாளா, அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியாமல் போனாளா என்று அவளைக் கேட்டால் தகட்டை நினைத்து என்றுதான் சொல்வாள். சொல்லட்டும். தேய்க்கும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"என்ன பண்ற நீ" என்றாள் சின்னவள், குரல் உடைந்து. தொட்டிக்காரர் பெரியவளின் கையைப் பிடிக்கவே வந்துவிட்டார்.

காய்ந்த பெயிண்ட் அசையவில்லை. காயாதது மட்டும் துணியில் வந்தது. கோட்டில் இரண்டு பொக்கைகள் தெரிந்தன. பெரியவள் கீழேயிருந்ததில் விரலை வைத்தாள்.

அப்பா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, குனிந்து பார்த்தார். நிமிர நேரம் எடுத்துக்கொண்டார். "கழட்டுங்க" என்றார். இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"பாக்க நல்லாருக்கட்டும்னு பூசினேன்ப்பா" என்றாள் சின்னவள். "பல்லு போன மாதிரி இருந்துச்சு. மொத கோடு, அதனால." பிறகு மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பினாள். "நீ எப்ப பாத்தே?"

"இப்பதான்."

"பொய் சொல்லாத. முறுக்க ஆரம்பிச்சப்பவே கையக் கட்டிக்கிட்டு நின்னே. நான் ஏதாவது ஒடைக்கப் போறேன்னு தெரிஞ்சா சின்ன வயசுலயும் அப்படித்தான் நிப்பே."

அப்பா பெரியவளைப் பார்த்தார். இரண்டு நாளாகப் பார்க்காத பார்வைக்கும் சேர்த்துப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"ஆமா" என்றாள் பெரியவள். பிறகு கோபமும் வந்துவிட்டது. "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அப்பா யோசித்தார். பொய் சொல்லிச் சமாதானம் பண்ணுகிற ஆள் இல்லை அவர். "நம்பியிருக்க மாட்டேன்" என்றார். "ஆனா குனிஞ்சு பாத்திருப்பேன்."

அப்பா மேஜையில் இருந்த பிரஷ்ஷை எடுத்து, அதன் முடியைத் துணியில் ஒற்றினார். இப்போது கொடுப்பார் என்று பெரியவளின் கை கொஞ்சம் முன்னால் வந்தேவிட்டது. அவர் சின்னவள் பக்கம் நீட்டினார்.

"சர்க்கரை ஆலை வேலைக்கும் நீயே போடு. பொக்கைய மூடாத."

பெரியவள் இருட்டறைக்குள் போனாள். கதவைச் சாத்தி, விளக்கைப் போடாமல் உட்கார்ந்தாள். வெளியே போல்ட்டுகள் தளர்கிற சத்தம் கேட்டது. தப்பாக அடுக்கியவளுக்குப் பிரஷ், கண்டுபிடித்தவளுக்கு இருட்டு. இது எந்த ஊர் நியாயம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். குனிஞ்சு பாத்திருப்பேன் என்ற அப்பாவின் குரல் ஒவ்வொரு தடவையும் குறுக்கே வந்தது.

கதவு தட்டப்பட்டது. சின்னவள்தான். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு தகடு, அந்த மூன்றாவது தகடு.

"முறுக்கினதுல இதுக்கு ஏதாவது ஆயிருக்கான்னு தெரியல. பாத்துக் குடு அக்கா."

பெரியவள் வாங்கிக்கொண்டாள். புதுக் கையுறை மாட்டினாள். ஒரு பக்கம் தெளித்து, மறுபக்கம் பொடி அடித்து, ஊதா விளக்கின் கீழே வைத்துக் காத்திருந்தாள். ஓட்டை விழுந்திருக்க வேண்டும் என்று அவள் உடம்பில் ஒரு பாதி கேட்டது. அதை அவள் மறைக்கவில்லை, மறைப்பதற்கு உள்ளே ஆள் யாரும் இல்லை. பொடி வெள்ளையாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது.

கதவைத் திறந்தாள். "நல்லாருக்கு."

சின்னவள் 'நெஜமாவா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெரியவளுக்குச் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை. "சரிக்கா" என்று வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். பிரஷ்ஷின் கைப்பிடி அவளுடைய பின்பாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. கூடத்தின் கோடி வரைக்கும் அது போவதைப் பெரியவள் கதவைச் சாத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.